சங்கப் பதிவேடுகளைப் படம் பிடித்தல்

சிதம்பரம் திருக்கோயிலில் ஓர் அறையினுள் தேவார ஏடுகள் பூட்டிக் கிடந்த வரலாற்றை நம் அங்கத்தினர்களில் அறியாதார் மிகச் சிலரே. மூவரும் வந்தாலன்றி அறை திறவாது என்று தில்லைவாழ் அந்தணர் உரைக்க, சோழ மன்னன் மூவர் திருவுருவங்களையே எழுந்தருளச் செய்து கதவைத் திறப்பித்தான் என்றும், உள்ளே ஏடுகளைக் கரையான் புற்று மூடியிருந்தது என்றும், எண்ணெய் சொரிந்து புற்றை நீக்கியபோது எஞ்சியது ஒரு பகுதியே என்றும் மரபு கூறுகிறது. எஞ்சியவற்றைத் தொகுத்த நம்பியாண்டார் நம்பியின் ஊராகிய திருநாரையூர் நம் மாவட்டத்திலேயே, காட்டுமன்னார்கோயில் பக்கம் உள்ளது. அன்பர் நோக்கில் இவ்வரலாற்றின் பொருள் வேறு. சங்கங்களின் கணக்குகளைப் புரட்டுவதையே பிழைப்பாகக் கொண்ட என் போன்றவனுக்கு அதில் ஓர் அலுவல் செய்தியும் தென்படுகிறது. அறைக்குப் பூட்டு இருந்தது, காவலும் இருந்தது, ஏட்டுக்கு மறுபிரதிதான் இல்லை.

நம் பகுதியில் கரையானுக்குத் துணையாகத் தண்ணீரும் வருகிறது. கெடிலம், பரவனாறு, வெள்ளாறு, கொள்ளிடம் ஆகிய நான்கும் கடலை அடையும் தாழ்நிலம் இது. 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை வந்தது. 2011 டிசம்பர் 30இல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்த 'தானே' புயல் பண்ணுருட்டியின் பலாவையும் முந்திரியையும் ஒரே இரவில் சாய்த்தது. 2015 நவம்பரிலும் டிசம்பரிலும் பெய்த மழையில் குறிஞ்சிப்பாடி முதல் சிதம்பரம் வரை ஊர்கள் வெள்ளத்தில் நின்றன. இத்தகைய இடர் வந்த மறுவாரமே அங்கத்தினர் சங்க வாசலுக்கு வருகின்றனர். தம் பங்குத்தொகை எவ்வளவு, கடன் பாக்கி எவ்வளவு, அடமானம் வைத்த பத்திரம் எங்கே என்று கேட்கின்றனர். அதே வாரத்தில்தான் பதிவேடுகளும் ஈரத்தில் ஒட்டிக்கொண்டு கிடக்கும்.

இப்பொருள் பற்றி எழுதத் துணிந்தமைக்கு என் சொந்தத் தவறே காரணமாகும். 2015 டிசம்பரில் நான் பணியில் சேர்ந்து சில மாதங்களே ஆகியிருந்தன. ஒரு சிற்றூர்ச் சங்கத்தில் முழங்கால் அளவு நீர் புகுந்து, நிலைப்பெட்டியின் கீழ்த்தட்டில் இருந்த கடன் பேரேடுகள் நனைந்துவிட்டன. பேரேடுகள் முற்றும் கெடுமுன் பிரதி எடுத்துவிட எண்ணி, என் கைப்பேசியில் ஒரே பிற்பகலில் இருநூறு பக்கங்களுக்கு மேல் படமெடுத்தேன். ஒரு பக்கம் சன்னல், மேலே குழல்விளக்கு, போதாதென்று கைப்பேசியின் மின்னொளி. திரையில் எழுத்துத் தெரிந்தது; மன நிறைவோடு வீடு திரும்பினேன். மூலப் பேரேடோ பின்னர்ப் பூஞ்சணம் பிடித்துக் கட்டியாகிவிட்டது.

மூன்றாண்டு கழித்து, காலமான ஓர் அங்கத்தினரின் மனைவியார் வந்தார். கணவர் கடனை முழுதும் அடைத்துவிட்டார், பங்குத்தொகையைத் திருப்பித் தருக என்றார். என் படத்தைத் திறந்து பார்த்தோம். அச்சங்கத்தில் வரவை நீல மையிலும், நீக்கப்பட்ட பதிவின் மேல் திருத்தத்தைச் சிவப்பு மையிலும் எழுதுவது வழக்கம். மேலொப்பம் பச்சை மை. படத்திலோ மூன்றும் ஒரே கருமை. கடைசி வரவு உண்மையான வரவா, பின்னர் அடிக்கப்பட்டதா என்று சொல்ல இயலவில்லை. தொகை எழுதியிருந்த கட்டத்தின் மேலோ, மின்னொளியின் வெள்ளை வட்டம் நிலவு போல் வீற்றிருந்தது. நல்ல வேளையாக அவ்வம்மையார் தம் கணவரின் ரசீதை நெகிழித் தாளில் சுற்றி அரிசிப் பானைக்குள் வைத்திருந்தார். கணக்கு நேராயிற்று. பட்டதாரி ஆய்வாளன் எடுத்த இருநூறு படங்களைவிட அந்த அரிசிப் பானை நல்ல ஆவணக் காப்பகமாக இருந்தது என்பதை நான் மறக்கவில்லை.

அதன் பின்னரே இத்துறையில் முறையாக உழைப்போர் என்ன செய்கின்றனர் என்று தேடத் தொடங்கினேன். வெகு தொலைவு போக வேண்டியதில்லை. கடலூருக்கு அண்டையிலேயே, புதுச்சேரியில், 1955இல் நிறுவப்பட்ட பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் உள்ளது. அங்குள்ள சைவச் சுவடித் தொகுதி 2005இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் இடம்பெற்றது. நமக்கு அதனினும் நெருக்கமானது அந்நிறுவனத்தின் மற்றொரு பணி. பிரிட்டிஷ் நூலகம் 2004 முதல் நடத்திவரும் அழிநிலை ஆவணத் திட்டத்தின் துணையோடு, தமிழக ஊர்களில் தனியார் வீட்டுப் பெட்டிகளில் கிடந்த கிராமப் பஞ்சாயத்துத் தீர்ப்புகளையும், 1650 முதல் 1950 வரையிலான வேளாண் வரலாற்றுக்குரிய நிலப் பத்திரம் முதலிய காகிதங்களையும் படமெடுத்தனர். அத்திட்டத்தின் விதிப்படி மூல ஆவணம் நாட்டை விட்டு வெளியேறலாகாது. ஆவணத்தைப் பறித்துச் செல்லாமல் அதன் உருவத்தை மட்டும் எடுத்துச் செல்வது என்பதே வழி. ஊர்ப் பஞ்சாயத்தார் முடித்துவைத்த வாய்க்கால் வழக்கின் காகிதத்துக்கு இவ்வளவு மதிப்பு உண்டெனில், நம் தீர்மானப் புத்தகத்துக்கும் அம்மதிப்பு உண்டு.

இனி முறைக்கு வருவோம். முதலில் நிறத்தைப் பற்றிப் பேசவேண்டும். நெசவாளர்க்கு இதைக் கற்பிக்க நான் யார்? உண்மையில் எனக்குக் கற்பித்தவரே குறிஞ்சிப்பாடி நெசவாளர் ஒருவர்தாம். கைத்தறிச் சங்கங்கள் வேறு துறையின் பார்வையில் உள்ளவை. நான் அங்குச் சென்றது அலுவலாக அன்று, லுங்கி வாங்குவதற்காக. அரக்கு நிறத்தில் இரண்டு நூற்சிட்டங்களை அப்பெரியவர் எடுத்துக் காட்டினார். குழல்விளக்கின் கீழ் இரண்டும் ஒன்றே. வாசலுக்கு எடுத்து வந்தார். ஒன்று செம்பழுப்பாகவும் மற்றது சற்றே ஊதா கலந்ததாகவும் நின்றன. "ரெண்டும் ஒண்ணுன்னு லைட்டு சொல்லும் தம்பி, வெயில்ல வச்சாத்தான் தெரியும்" என்றார். வெவ்வேறு சாயத்தில் தோய்ந்த இரு நூல்கள் ஒரு விளக்கில் ஒன்றாகவும் மற்றொன்றில் வேறாகவும் தோன்றுவதை இயற்பியல் நூல்கள் பெயரிட்டு விளக்குகின்றன. புடவையைக் கடை வாசலுக்குக் கொண்டு வந்து பார்க்கும் நம் பெண்டிர் பெயரிடாமலே அறிவர்.

மையும் ஒரு சாயமே. மலிவான விளக்கின் ஒளியில் சில நிறக்கதிர்கள் குறைந்திருக்கும். இல்லாத கதிரைத் தாள் எவ்வாறு திருப்பி அனுப்பும்? சிவப்புக் கதிர் குறைந்த விளக்கில் சிவப்பு மை கருக்கும். ஆதலின் விளக்கு வாங்குவோர் பெட்டியின் மேல் சி.ஆர்.ஐ. என்னும் எண்ணைப் பார்க்க. நூற்றுக்குத் தொண்ணூறும் அதற்கு மேலும் இருப்பது நம் வேலைக்குத் தகும். அடுத்து ஒளியின் சாயல். இதனைக் கெல்வின் என்னும் அளவால் குறிப்பர். பழைய இழைபல்பு ஏறத்தாழ 2700 கெல்வின், அதாவது மஞ்சள். நண்பகல் வெயில் 5500 அளவில். மேகமூட்டமுள்ள வானம் 6500ஐயும் தாண்டி நீலம் சார்ந்தது. இவற்றுள் எது என்பது பெரிதன்று. இரண்டைக் கலக்கலாகாது என்பதே பெரிது. ஒரு பக்கம் சன்னலின் நீலமும் மறுபக்கம் பல்பின் மஞ்சளும் விழுந்த தாளை எந்தப் படக்கருவியாலும் நேராக்க முடியாது. என் பழைய படங்களில் நேர்ந்த முதற்பிழை இதுவே. விளக்கில் எடுப்பதாயின் சன்னலைச் சாத்துக. சன்னலில் எடுப்பதாயின் விளக்கை அணைக்க.

படக்கருவி தானாகவே வெண்மையைச் சரிசெய்துகொள்ளுமே எனலாம். அது செய்வது ஊகம். ஐம்பதாண்டுக்கு முந்தைய தாளின் இயல்பான பழுப்பைக் கண்டு, இது விளக்கின் மஞ்சள் என்று கருதி நீலத்தை ஏற்றிவிடும். அடுத்த பக்கத்தில் வேறு விதமாக ஊகிக்கும். ஆகையால் ஒளிப்படக் கடைகளில் கிடைக்கும் சாம்பல்நிற அட்டை ஒன்றை வாங்கி, வேலை தொடங்கும்போது அதைப் படமெடுத்து, அதன்படி வெண்மையை நிலைநிறுத்திவிட்டுப் பின்னர் மாற்றாதிருப்பதே முறை. சாம்பல் அட்டைக்கு மாறாக அலுவலக வெள்ளைத்தாளை வைப்போர் சிறிது ஏமாறுவர். இக்காலத்துத் தாளில் வெண்மை மிகுவதற்காக ஒளிர்பொருள் சேர்க்கிறார்கள். நீலம் போட்டு வெளுத்த வேட்டியைப் போல அது வெண்மையினும் வெண்மையாகக் காட்டி நிறத்தைத் திரிக்கும். பெரிய நிலையங்கள் 1976இல் அறிமுகமான இருபத்துநான்கு கட்ட நிற அட்டையைப் பயன்படுத்துகின்றன. அது விலை கூடியது. நெசவுச் சங்கம் தன் மாதிரிப் புத்தகத்தை, அதாவது துணித்துண்டும் நூலும் ஒட்டிய வடிவமைப்பு ஏட்டைப் படமெடுப்பதாயின், அவ்வட்டையைப் பல சங்கங்கள் சேர்ந்து ஒன்று வாங்கிச் சுற்றுக்கு விடலாம். கடன் பேரேட்டுக்கு அது வேண்டுவதில்லை.

ஒளியை அமைப்பது எளிது. ஆனால் பெரும்பாலோர் பிழை செய்யும் இடமும் அதுவே. கைப்பேசியின் மின்னொளியை முதலில் அணைக்க. ஒரே வகையான இரண்டு விளக்குகளை மேசையின் இடமும் வலமும், தாளை நோக்கி நாற்பத்தைந்து பாகைச் சாய்வில், சம தொலைவில் நிறுத்துக. நேர்மேலிருந்து படக்கருவி நோக்கும். ஒளி பக்கவாட்டில் வந்து பக்கவாட்டிலேயே தெறித்துப் போகும். கண்ணாடி போன்ற பளபளப்பு கருவிக்குள் நுழையாது. மேலுறை இட்ட பட்டா, பளபளப்பான பழைய நிழற்படம் ஆகியவற்றுக்கு விளக்கை இன்னும் தாழ்த்துக. விளக்கு மிக அருகில் இருந்தால் தாளின் ஓரம் வெளுத்து நடு இருண்டுவிடும். தொலைவை இரட்டித்தால் ஒளி கால் பங்காகக் குறையும். எனினும் சீராகப் பரவும். ஒளிக் குறைவைக் கருவியின் தாங்கி ஈடுசெய்யும். சீர்மையைச் சோதிக்க ஒரு பென்சிலைத் தாளின் நடுவில் செங்குத்தாக நிறுத்துக. இரு புறமும் விழும் நிழல்கள் நீளத்திலும் கருமையிலும் ஒத்திருந்தால் அமைப்புச் சரி. ஒன்று கருமை மிக்கதாயின் அதன் எதிர்ப்புற விளக்கைச் சிறிது பின்னே தள்ளுக.

விளக்கு வாங்கப் பணம் இல்லாத சங்கம் திண்ணையைப் பயன்படுத்தட்டும். வடக்கு நோக்கிய திண்ணையில், நேர்வெயில் படாத நிழலில், முற்பகல் ஒளி மிக நன்று. ஒளி ஒரு புறமிருந்தே வருமாதலின் எதிர்ப்புறம் ஒரு வெள்ளை வேட்டியைக் கொடியில் கட்டித் தொங்கவிட்டால், அது ஒளியைத் திருப்பி நிழலை நிரப்பும். வேட்டியின் நீலச் சாயலைச் சாம்பல் அட்டை பார்த்துக்கொள்ளும். ஒரே குறை, மேகம் கடக்கும்போதெல்லாம் ஒளி மாறும். அப்போது அட்டையை மீண்டும் ஒருமுறை எடுக்கவேண்டும்.

ஒளியை வேண்டுமென்றே ஒரு புறமாக வைக்கும் சமயமும் உண்டு. தாளில் ஓரிடம் சுரண்டி எழுதப்பட்டிருக்கும் என்ற ஐயம் எழுந்தால், ஒரு விளக்கை அணைத்து, மற்றதைத் தாளோடு தாளாகத் தாழ்த்திப் பாருங்கள். சுரண்டிய இடத்தின் நாரும், எழுதுகோல் அழுந்திய பள்ளமும் மேடு பள்ளமாகத் தெரியும். ஆய்வாளனின் தந்திரத்தை வெளியே சொல்லலாமோ என்று தயங்கினேன். அங்கத்தினர் அறிந்திருந்தால் எனக்கு வேலை குறையும் என்பதால் சொல்லிவிட்டேன்.

அடுத்தது ஒளிப்பதிவின் அளவு. படக்கருவி எதைப் பார்த்தாலும் அது நடுத்தரச் சாம்பல் என்றே கருதும் இயல்புடையது. வெள்ளைத் தாள் நிறைந்த காட்சியைக் கண்டால், ஒளி மிகுந்துவிட்டது என்று அஞ்சிக் குறைத்துவிடும். ஆகவே படம் அழுக்குச் சாம்பலாக விழும். ஆதலின் கருவி சொல்லும் அளவினும் ஒரு படி முதல் ஒன்றரைப் படி வரை கூட்டவேண்டும். கைப்பேசியில் திரையை விரலால் சற்று நேரம் அழுத்தினால் குவியமும் ஒளியும் பூட்டப்படும். பின்னர் அங்குத் தோன்றும் சூரியக் குறியை மேலே நகர்த்தலாம். எவ்வளவு கூட்டுவது? கணினியில் கருமையை 0 என்றும் முழு வெண்மையை 255 என்றும் அளப்பர். எழுதாத வெள்ளைத் தாள் 230க்கும் 245க்கும் இடையில் நிற்கட்டும். பழுத்த தாள் அதற்குக் கீழே நிற்பது இயல்பே. 255ஐத் தொட்டுவிட்டால் அங்கே தகவல் ஒன்றும் இல்லை. பென்சிலால் இட்ட குறியும் மங்கிய ரப்பர் முத்திரையும் அழிந்தன என்று பொருள். வெள்ளையைப் படமெடுப்பது எக்காலத்தும் கடினமே. வடலூர் வள்ளலாரைப் படமெடுக்க முயன்றபோது வெள்ளாடை மட்டுமே பதிந்தது என்று அன்பர் கூறுவர். அது அருட்செய்தி, அதனை ஆராயும் தகுதி எனக்கில்லை. நம் பேரேட்டில் ஆடை மட்டும் பதிந்து ஆள் பதியாமற் போகலாகாது.

இங்கே ஓர் எச்சரிக்கை. தாளை வெளேரென்று ஆக்கி எழுத்தைக் கருமையாக்கித் தரும் செயலிகள் கைப்பேசிகளில் மலிந்துள்ளன. மனுவோடு இணைக்கும் நகலுக்கு அவை ஏற்றவை. பதிவேட்டுக்கு ஆகா. எது அழுக்கு, எது எழுத்து என்பதை அச்செயலி தன் விருப்பப்படி முடிவு செய்கிறது. தணிக்கையாளர் மெல்லிதாக இட்ட பென்சில் குறி அதற்கு அழுக்கே.

குழல்விளக்கின் கீழ் எடுக்க நேர்ந்தால் படத்தில் பட்டைப்பட்டையாகக் கோடு விழுவதைக் கண்டிருப்பீர்கள். நம் மின்சாரம் நொடிக்கு 50 சுழற்சி. விளக்கு நொடிக்கு நூறு முறை துடிக்கிறது. திறப்பு நேரத்தை நொடியின் ஐம்பதில் ஒன்று அல்லது இருபத்தைந்தில் ஒன்று என வைத்தால் கோடு மறையும். அவ்வளவு நேரம் கை நடுங்காமல் இராது. கருவியைத் தாங்கியில் பொருத்தி, இரண்டு நொடி தாமதத்தில் எடுக்குமாறு அமைத்துவிடுக. கருவி தாளுக்கு நேராக உள்ளதா என்பதை அறிய, தாள் வைக்கும் இடத்தில் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியை வைத்துப் பாருங்கள். கருவியின் கண் திரையின் சரிநடுவில் தெரிந்தால் அது நேராக உள்ளது.

மெல்லிய தாளில் பின்பக்க எழுத்து ஊடுருவித் தெரிந்தால், பின்னே ஒரு கறுப்புத் தாளைச் செருகுக. ஏ4 அளவுத் தாளை அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற தரத்தில் பதிக்க ஏறத்தாழ எண்பத்தேழு இலட்சம் புள்ளிகள் வேண்டும். ஒரு கோடியே இருபது இலட்சம் புள்ளி உள்ள கைப்பேசிக்கு ஒரு பக்கம் அடங்கும். விரித்த பேரேட்டின் இரு பக்கமும் ஒருசேர அடங்கா. பக்கம் பக்கமாகவே எடுக்க. எடுத்ததை வாட்ஸப்பில் படமாக அனுப்பினால் அது சுருக்கியே அனுப்பும். ஆவணமாக அனுப்பினால் உள்ளபடி போகும். கடலூரில் உள்ள சங்கத்தின் பிரதியைக் கடலூரிலேயே அடுத்த தெருவில் வைப்பதில் பயனில்லை. விருத்தாசலம் போன்ற மேட்டு நிலத்தில் ஒன்று இருக்கட்டும்.

கணினிமயமாகும் காலத்தில் இவ்வளவு தொல்லை எதற்கு என்று ஒரு காரியதரிசி என்னிடம் கேட்டார். 63,000 தொடக்க வேளாண்மைச் சங்கங்களைக் கணினிமயமாக்க ரூ.2,516 கோடியில் மத்திய அமைச்சரவை 2022 ஜூன் 29இல் ஒப்புதல் அளித்தது உண்மை. அது நன்மையே. ஆனால் கணினியில் ஏறுவது எண். அவ்வெண்ணை யார் எழுதினார், யார் திருத்தினார், எந்த மையில் என்பது அதில் ஏறுவதில்லை. தட்டச்சில் 4,500 என்பது 5,400 ஆகிவிட்டால், எதனோடு ஒப்பிடுவது?

சட்டத்தின் நிலையையும் சுருங்கச் சொல்லிவிடுகிறேன். 2024 ஜூலை முதல் நாள் நடைமுறைக்கு வந்த பாரதிய சாட்சிய அதிநியமம், 2023இன் 63ஆம் பிரிவு மின்னணுப் பதிவுகளைச் சான்றாக ஏற்பதற்கு வழி செய்கிறது. அதற்கு அட்டவணையில் கண்ட படிவத்தில் சான்றிதழ் வேண்டும். அதில் கோப்பின் ஹாஷ் எண்ணைக் குறிக்கவேண்டும். ஒரு புள்ளி மாறினும் இவ்வெண் மாறிவிடும். கோப்புக்கு இது கைரேகை போன்றது. எனவே படமெடுத்த அன்றே அவ்வெண்ணைக் கணக்கிட்டு, எடுத்தவர் பெயர், நாள், கருவி ஆகியவற்றோடு தீர்மானப் புத்தகத்தில் பதிந்து வைப்பது நலம். படம் இருக்கிறதே என்று மூலத்தை எடைக்குப் போட்டுவிடுவது பெரும்பிழை. அவ்வாறு கேட்டோரும் உண்டு.

நனைந்த பதிவேட்டைப் பற்றி ஒரு சொல். நம் வெப்பத்தில் இரண்டு நாளுக்குள் பூஞ்சணம் தொடங்கிவிடும். ஒட்டிய பக்கங்களை இழுத்துப் பிரிக்காதீர்கள், வெயிலில் காயப்போடாதீர்கள். மின்விசிறிக் காற்றில், இடையிடையே உறிஞ்சுதாள் வைத்து உலர்த்தி, பிரியும் பக்கங்களை மட்டும் எடுங்கள். ஊதாப் பென்சிலில் எழுதியது ஈரம் பட்டால் பரவிவிடும். அத்தகைய பக்கத்தை மழைக்கு முன்னரே எடுத்து வைப்பதன்றி வேறு வழியில்லை.

இருவர் சேர்ந்து, ஒருவர் பக்கம் புரட்ட மற்றவர் படமெடுக்க, ஒரு பிற்பகலில் நூற்றைம்பது பக்கம் முறையாக எடுக்கலாம் என்பது என் அனுபவம். சிறு சங்கத்தின் உறுப்பினர் பதிவேடு, பங்குப் பதிவேடு, தீர்மானப் புத்தகம் மூன்றுக்கும் சில நாட்கள் போதும். ஐப்பசி அடைமழை தொடங்குமுன் இதை முடித்தல் வேண்டும். எங்கிருந்து தொடங்குவது என்று கேட்கும் சங்கத்தாருக்கு, நிலைப்பெட்டியின் கீழ்த்தட்டிலிருந்து என்று சொல்லி வருகிறேன்.